அக்கா சொல்லி வாங்கியவர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. மண்ணில் செருகிவைத்தால் ஈரம் எவ்வளவு என்று போனில் காட்டும் கருவி ஒன்றைச் செய்தோம். அதை விற்க, பூந்தமல்லியைத் தாண்டியிருக்கும் கீரைத் தோட்டங்களுக்கு என்னை அனுப்பினார்கள்.

மூன்று மாதம் அலைந்தேன். தண்ணீர் மிச்சம், கரண்ட் மிச்சம் என்று படம் போட்டுக் காட்டினேன். மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்களே தவிர ஒருவரும் வாங்கவில்லை. கடைசியில், தனியாக அரைக்கீரை போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் ஒன்றை இலவசமாகக் கொடுத்தேன். "வெச்சுட்டுப் போ தம்பி, இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்" என்றார்.

மற்றவர்கள் அளவு தெரியாமல் பாய்ச்சி, பாத்தியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகியபோது அவருடைய கீரை மட்டும் தளதளவென்று நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். "மெய்யாலுமே வேல செய்யுதாக்கா?" என்று அவரிடம்தான் கேட்டார்கள்.

"செய்யுது. வாங்கு."

ஒரே மாதத்தில் ஒன்பது பேர் காசு போட்டு வாங்கினார்கள். ஆபீஸில் எனக்குக் கைதட்டினார்கள்.

அடுத்த வருஷம் கம்பெனியை மூடினார்கள். வேறு வேலை தேடும் அவசரத்தில் தோட்டக்காரர்கள் யாருக்கும் நான் சொல்லவில்லை. பத்து போன் பேச எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கம்பெனியோடு சேர்ந்து கருவிகளும் நின்றுபோன பிறகும், கடைசியாக வந்த 'ஈரம் போதும்' என்ற வரி போனில் அப்படியே இருந்தது. வாங்கிய ஒன்பது பேரில் ஒரு பெண், மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டாள். ஆறாம் நாள் திரும்பி வந்தபோது தோட்டம் முழுக்கக் காய்ந்து கிடந்தது.

விஷயம் தெரிந்து ஓடினேன். அக்கா களை பறித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். நிமிரவில்லை.

"உன்ன நம்பியா வாங்குனாங்கோ தம்பி? என்ன நம்பி வாங்குனாங்கோ. அவ ஊட்டுக் கொயந்தைக்குப் பேர் வெச்சாங்கோ, என்னக் கூப்புடல."

"நான் போய் அவங்ககிட்ட பேசுறேன்க்கா."

"இன்னான்னு பேசுவ?"

ஆனாலும் போனேன். எல்லாம் என் தப்பு, அக்காவுக்கு எதுவுமே தெரியாது என்றேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். "அவங்க சொன்னாங்கன்னுதாம்பா மண்ணத் தொட்டுப் பாக்கறதையே உட்டேன்" என்றாள். குழந்தை அழுதது. உள்ளே போய்விட்டாள்.

அடுத்தடுத்த தோட்டம். இன்றுவரை அக்காவும் அவளும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி.