ஒத்தக்கண்ணன் யாருடைய மச்சான்?

கிழக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அலை பார்க்கத்தான் போவார்கள். நானும் கணவரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பஸ் ஏறியது ஒரு பழைய சீனச் சண்டைப் படம் பார்க்க. அதன் நிஜப் பெயர் எங்கள் ஊர் மருதமுனையில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அது 'மச்சான் படம்'. வருடத்தில் ஒருமுறை, பெருநாளின் மூன்றாம் நாள், கல்யாண மண்டபத்தில் அதைப் போடுகிறார்கள். மைக் பிடித்துக் கதை சொல்பவர் என்னுடைய வாப்பா. ஆகவே இந்தப் பதிவில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு ஏசி பஸ், ஆளுக்கு 2,800 ரூபா. ஏறக்குறைய 350 கிலோமீட்டர் ஓடி, காலை ஐந்தரைக்குக் கல்முனையில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து மருதமுனைக்குப் பாண்டிருப்பைத் தாண்டி வடக்கே நான்கு கிலோமீட்டர். ஓட்டோக்காரர் அறுநூறு கேட்டார். எதற்கு வந்தோம் என்று சொன்னதும் திரும்பிப் பார்த்து, "மச்சான் படத்துக்கா? அப்ப ஐநூறு தாங்க, நானும் வாற" என்றார்.

வாப்பா இளவயதில் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விட்டவர். இப்போது ஆணி, பெயின்ட் விற்கிறார். அந்தக் காலத்தில் சீனக் கசெட் வந்தால் யாருக்கும் மொழி விளங்காது. வாப்பா பக்கத்தில் நின்று மைக்கில் கதை சொல்வார். அவருக்கும் சீன மொழி தெரியாது என்பது வேறு விடயம். இந்தப் படத்தில் கதாநாயகன் ஒற்றைக்கண் வில்லனைக் கடைசிவரை துரத்துகிறான், ஒவ்வொரு சண்டையிலும் அடித்து வீழ்த்துகிறான், கொல்லக் கையை ஓங்குகிறான், பிறகு இறக்கிவிடுகிறான். ஏன் இறக்குகிறான்? வாப்பாவே யோசித்துக் கண்டுபிடித்தார்: ஒத்தக்கண்ணன் அவனுக்கு மச்சான், தங்கச்சியின் புருஷன். கல்யாணம் முடித்த ஆண்கள் பெண்வீட்டில் போய் இருக்கும் எங்கள் ஊரில் இதற்குமேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

என் கணவர் ரிஸ்வான் கொழும்புக்காரர், பழைய சண்டைப் படங்களில் பைத்தியம். கசெட்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, இந்த முறை படம் ஓடாது என்று வாப்பா சொன்னபோது, இணையத்தில் தேடி நல்ல பிரதியொன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். படம் பளிச்சென்று இருந்தது. ஒரே கோளாறு, யாரோ புண்ணியவான் தமிழில் போட்ட சப்டைட்டில் அதோடு ஒட்டிக்கிடந்தது, எடுக்க வழியில்லை. அதன்படி ஒத்தக்கண்ணன் யாருக்கும் மச்சான் இல்லை. உயிரோடு பிடித்துக் கொடுத்தால் வெள்ளிக்காசு கிடைக்கும், அதற்காகத்தான் கொல்லவில்லையாம்!

காலைத் தேநீரோடு வீட்டில் போட்டுப் பார்த்தோம். பாதிக்கும் முன்பே வாப்பா டீவியை நிறுத்திவிட்டார்.

"அப்ப இத்தின வருஷமா நான் ஊருக்குப் பொய்யா புள்ள சொன்ன?"

"கதைதானே வாப்பா" என்றேன்.

"ஆக்கள் அத வாசிப்பாங்க. பொறகு என்னத் திரும்பிப் பார்ப்பாங்க. நான் மைக்கத் தொடமாட்டன்."

எனக்கு ரிஸ்வானைப் பென் டிரைவோடு சேர்த்துக் கடலில் தள்ளலாம் போலிருந்தது. வேறு பிரதி இல்லை, ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று.

அஸர் தொழுகைக்குப் பிறகு நாலரைக்குப் படம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், இடமில்லாமல் வாசலிலும் நின்றார்கள். வாப்பா கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். மைக் இல்லாமலே படம் தொடங்கியது. முதல் சண்டை முடிந்து கதாநாயகன் கையை இறக்கினான். திரையில் வெள்ளிக்காசுக் கணக்கு வந்தது. ஊரே அதை வாசித்தது. சிலர் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்தில் தறிக்காரி பரீதா ராத்தா எழும்பினார்.

"என்னகா இது, எழுத்து பொய் சொல்லுது! அவன் மச்சான்தானே?"

"ஓம், மச்சான்தான்!" என்று மண்டபமே கத்தியது. பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த மீன்பிடிக்காரர்கள் விசிலடித்து, வாப்பாவைப் பார்த்து, "காக்கா, மைக்க எடுங்க!" என்றார்கள். பரீதா ராத்தா வீட்டுக்கு ஆள் அனுப்பித் தறியிலிருந்து இறக்கிய புதுச் சாரன் துணி ஒன்றை எடுப்பித்தார். திரையின் அடியில், எழுத்து வரும் இடத்தை மறைத்துக் கட்டினார்கள். ஒரு முனைக்கு ஆணி கிடைத்தது, மறுமுனைக்கு இல்லை. ரிஸ்வான் போய்ப் பிடித்துக்கொண்டார். படம் முடியும்வரை கையை மாற்றி மாற்றிப் பிடித்தபடியே நின்றார்.

வாப்பா எழும்பி முன்னால் நடந்தார். தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்கியவர் பிறகு நிறுத்தவேயில்லை. கடைசியில் ஒத்தக்கண்ணன் மலையிலிருந்து சறுக்க, கதாநாயகன் கையை நீட்டும் இடத்தில், வாப்பாவோடு மண்டபம் முழுவதும் சேர்ந்து சொன்னது: "மச்சான், கையப் புடிங்க! தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுற?" நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்களும் அழுதார்கள், வெட்கமில்லாமல்.

பெரிய செலவில் எடுத்த எத்தனையோ படங்கள் மறந்துபோய்விட்டன. இந்த ஓட்டைப் படம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், அதன் ஓட்டையை அடைத்தது எங்கள் ஊர் என்பேன். எடுத்தவருக்கு இது தெரிந்தால் கோபம் வரலாம். எனக்கு வருவது பெருமைதான்.

போக நினைப்பவர்களுக்கு: பெருநாள் நாட்களில் பஸ் ஆசனத்தை ஒரு வாரம் முன்பே பதிந்துவிடுங்கள். படத்துக்குக் கட்டணம் இல்லை. நாலு மணிக்கே போய் இடம் பிடியுங்கள், விசிறி கொண்டுபோங்கள், தோளும் காலும் மறைய உடுத்துங்கள். இணையத்தில் கதையைத் தேடி வாசித்துவிட்டு வந்து பக்கத்தில் இருப்பவருக்கு விளக்காதீர்கள்.

மறுநாள் எங்களைப் பஸ் ஏற்ற வாப்பாவும் ஓட்டோவில் வந்தார். பாண்டிருப்பு தாண்டும்போது மெல்லக் கேட்டார்.

"மருமகன், அந்தக் கடைசிச் சீன்ல அவன் உண்மையில என்ன சொல்லுறான்?"

படத்தை வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருக்கும் ரிஸ்வான் தோளைத் தடவிக்கொண்டார்.

"சாரன் மறைச்சிட்டே மாமா. நான் எங்க பார்த்த?"

வாப்பா சிரித்தார். அந்த ஓட்டோவில் எனக்குப் பெருமைப்பட இரண்டு பேர் இருந்தார்கள்.