பரீட்சையன்று வந்த தண்ணீர்

பழுப்புத் தாள் சுற்றி, சணல் கட்டி வந்த அந்தப் பாடப் புத்தகக் கட்டை அக்கா கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. "கனமாத்தான்டா இருக்கு. படிக்கப்போறது நீயா, தபால்காரரா? அவருதானே சுமந்துக்கிட்டு வர்றாரு" என்றாள். வணிக நிர்வாகப் பட்டப்படிப்பை நான் தொடங்கியது இப்படித்தான். கல்லூரி வாசலை மிதிக்காமலே பட்டம் என்ற விளம்பரம் என்னைப் போன்ற சோம்பேறிகளை நினைத்தே எழுதப்பட்டது என்று நம்பினேன். அக்கா நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா விவசாயச் சங்கக் கொடி பிடித்து, பண்ணையாட்களிடம் அடிபட்டு, எங்கள் பேரில் பதியவைத்த குத்தகை நிலம் கொஞ்சம் இருந்தது. வாய்க்காலின் கடைசி வயல். அப்பாவுக்குப் பிறகு அதையும் அவள்தான் பார்த்தாள். எனக்குச் சேறு ஒட்டாத வேலை ஒன்று கிடைக்க வேண்டும் என்பது மட்டுமே அவளுடைய வேண்டுதல்.

மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடம் படித்தேன். ஆழமாகப் படிப்பதாக ஊரில் சொல்லிக்கொண்டேன். கும்பகோணம் சாலையில் ஒரு நவீன அரிசி ஆலையில் மேலாளர் வேலைக்குக் கூப்பிட்டபோது, அந்தச் சமாதானம் அங்கே செல்லாது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பஸ் ஏற்றிவிடும்போது, "ஏன் லேட்டுன்னு கேட்டா மஞ்சக்காமாலைன்னு சொல்லிடு. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

ஆலையின் முதலாளியம்மா என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "தபால்ல படிச்சிருக்கீங்க. சரி, இது எங்க மில்லுக்கு என்னத்துக்கு ஆகும், சொல்லுங்க" என்றார். திட்டமிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்று ஒப்பித்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு, "அது ஏன் அஞ்சு வருஷம்?" என்றார். காமாலை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என் உடம்பைப் பார்த்தால் காமாலையே நம்பாது. உண்மையைச் சொன்னேன்.

"பரீட்சையன்னிக்குத்தாங்க எங்க வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. அந்த வருஷம் மேட்டூர் தெறந்ததே லேட்டு. மொறை தப்புனா மறுபடி எப்ப வரும்னு தெரியாது. வயல் தரிசாக் கெடந்தா, பயிர் வைக்கலன்னு சொல்லிக் குத்தகையப் புடுங்கிக்கப் பண்ணையாரு காத்துக்கிட்டு இருந்தாரு. பரீட்சைக்குப் போடான்னு எங்க அக்கா தொரத்துச்சு. நான் போகலங்க. அதுக்கடுத்த வருஷம் பரீட்சையன்னிக்கு அறுப்பு."

"எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "எந்தப் பண்ணை?" அதையும் சொன்னேன். அவர் முகம் மாறிய பிறகுதான் சுவரில் மாலை போட்டிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதே மீசை. வணிக நிர்வாகம் படித்த மேதை, யாருடைய வணிகம் என்று விசாரிக்காமல் வந்திருந்தேன்.

எழுந்தேன். "உக்காருங்க. என் மாமனாருதான்" என்றார். "அந்த வருஷம் உங்க வயல் பச்சை கட்டுனதப் பாத்துட்டு வந்து, சோத்துல கைய வச்சிக்கிட்டே திட்டுனாரு. நாந்தான் பரிமாறுனேன்." "இப்பவும் உங்க பக்கத்துல ஒருத்தரும் எங்க மில்லுக்கு நெல்லு போட மாட்டேங்கறாங்க. நீங்க கேட்டா போடுவாங்களா?"

ஐந்து வருடம் நிர்வாகம் படித்தவன் சொன்ன பதில்: "எங்க அக்காவக் கேட்டுத்தாங்க சொல்லணும்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப நாளைக்கு அவங்களையே கூட்டிக்கிட்டு வாங்க."

இப்போது அதே ஆலையில் நான் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கைப்பேசியிலேயே படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் வருகிறார்கள். ஏன் தாமதம் என்று கேட்டால், பதில் முடியும்வரை குறுக்கே பேசுவதில்லை.

அந்த நேர்காணலுக்கு மறுநாள் அக்கா வந்தாள். அந்தப் பண்ணை வீட்டுக் களத்தில், நெல் அளக்கும் இடத்துக்கு எட்டவே காலமெல்லாம் குனிந்து நின்றவள். முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த வீட்டார் முன்னால் எங்கள் தெருவில் யாரும் உட்கார்ந்ததில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

"எடை போடறப்ப நாங்க பக்கத்துல நிக்கலாங்களா?"

"நில்லுங்க. தாராளமா நில்லுங்க."

"அப்பன்னா போடச் சொல்றேன்" என்றாள் அக்கா. என் வேலையும் அந்த ஒரு வாக்கியத்தில் உறுதியானது.

திரும்பும் பஸ்ஸில் பாபநாசம் தாண்டிய பிறகு, "உக்காரும்போது கால் நடுங்குச்சுடா. பாத்தியா?" என்றாள்.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னேன்.