வேல்ஸில் போட்ட வோட்டு

வாக்குச் சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தைவிட்டு, என்னோடு அறையில் தங்கியிருந்தவருடன் வெயிலில் நடந்துகொண்டிருந்தேன். ரொறன்ரோவுக்கு வந்து நான்கு மாதம்தான். குடியுரிமை இல்லாத எனக்கு இங்கே வாக்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“உமக்கென்ன விசரே? வந்த உடனை ஆர் உம்மை வோட்டுப் போட விடுவினம்?”

“வேல்ஸிலை விட்டவங்கள், அண்ணை.”

“அப்ப அங்கையே இருந்திருக்கலாமே, ராசா!”

நான் முன்பு இருந்த அந்த வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்கில், பொதுநலவாய நாடொன்றின் குடிமகனாய் வசித்ததே வாக்குப் போடப் போதுமாயிருந்தது. தொகுதியில் எப்போதும் தொழிலாளர் கட்சிதான் வெல்லும். தகப்பன் போட்டதற்கே மகனும் போடுவான். சுரங்கங்கள் மூட மூட இளையவர்கள் போய்விட, வாக்காளர் பட்டியலில் கிழவர்களே மிஞ்சினார்கள். வெற்றி நிச்சயமென்று தெரிந்தும், என் ஒரு வாக்கைக் கேட்க ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் செங்குத்தான தெருவில் இருமிக்கொண்டே ஏறி வருவார். வேறு யாரும் என்னை அப்படித் தேடி வந்ததில்லை. அவர் கதவைத் தட்டுவதைக் கேட்கவேண்டும் போலிருந்தது. ஆனால் அங்கே எனக்கு இனி வேலையில்லை.

இங்கே குடியுரிமை எடுத்து வாக்குப் போட எப்படியும் ஐந்து வருடம் ஆகுமாம். எந்த ஊரிலும் நான் இரண்டு வருடத்தைத் தாண்டியதில்லை. நிரந்தர வேலை என்பதாலேயே தட்டிக்கழித்து வந்த ரெக்ஸ்டேல் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மறுநாள் காலை போய் வேலைக்குச் சேர்ந்தேன்.