அம்மா சொல்லாமல் விட்ட வரி

எங்கள் துக்கத்தில் பங்கெடுத்து, இன்று அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கும் வந்திருக்கும் சொந்தக்காரர்களே, நண்பர்களே, உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் ஸ்தோத்திரம்.

இந்த நினைவு மலரை அச்சடிக்கக் கொடுத்தபோது, அட்டையில் அம்மாவின் படத்துக்குக் கீழே ‘பொறுமையின் சிகரம்’ என்று போடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ‘மன்னிப்பின் மாதிரி’? அதுவும் வேண்டாம் என்றேன். அம்மாவை அறிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள். அம்மா இருந்திருந்தால் மலரை அச்சகத்துக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அடக்க ஆராதனையில் எங்கள் சபைப் போதகரான ஐயர் அம்மாவை மன்னிப்பின் தேவதையாக்கிப் பிரசங்கம் செய்தார். அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மன்னிப்பது அம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது என்று யாராவது நினைத்துக்கொண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது.

அம்மா பிறந்தது குளத்தூரில். உப்பளத்து வேலையும் மானாவாரி விவசாயமும் பார்த்த குடும்பம். அம்மா ஐந்தாம் வகுப்பு முடித்ததும் பள்ளிக்கூடம் முடிந்தது, களையெடுப்பு தொடங்கியது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) குச்சிக்கு மருந்து முக்கும் வேலை பார்த்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். நானும் என் தம்பியும் பிறந்தோம். தம்பியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று அவனைக் கையில் ஏந்தியவர் தங்கையா. அப்பாவின் சிநேகிதர், அதே ஆபீஸில் வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. அம்மாவை அண்ணி முறை வைத்து ‘மைனி, மைனி’ என்று கூப்பிட்டுக்கொண்டு அடுக்களை வரைக்கும் வருவார். அம்மாவும் அவரைத் தம்பி என்றே கூப்பிடுவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு கோடையில் அந்த ஆபீஸில் தீப்பிடித்தது. மருந்து முக்கிய குச்சிகளைச் செருகிய மரச்சட்டங்களை வெளியே காயவைக்க இடமில்லை என்று மருந்து அறைக்குள்ளேயே நெருக்கி அடுக்கச் சொன்னவர் தங்கையா. ஒரு சட்டம் சரிந்து உரசியது, அவ்வளவுதான். உள்ளே இருந்த பெண்களை வெளியே தள்ளிவிட்டு அப்பா உடம்பெல்லாம் வெந்து கடைசியாக வந்தார். பெரியாஸ்பத்திரியில் உயிர் போவதற்கு முன்னால் அம்மாவிடம் அவர் சொன்னது இதுதான்: “என் மேல பழி வந்தாலும் வரும். நீ பயப்படாத. தங்கையா பக்கத்துலதான் நின்னான். அவனுக்கு எல்லாம் தெரியும்.”

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் தங்கையா, அப்பா பீடி பற்றவைத்ததால்தான் தீப்பிடித்தது என்று சொன்னார்.

அப்பா பீடியைத் தொட்டதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து அறை வேலைக்குப் போன நாளோடு விட்டவர். அது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஊர் வாய்க்கு மெல்ல ஏதாவது வேண்டுமே. எங்களுக்குப் ‘பீடிக்காரன் பிள்ளைகள்’ என்று பேர் வந்தது. எந்த ஆபீஸிலும் அம்மாவுக்கு வேலை கொடுக்கவில்லை. அம்மா பருத்திக் காட்டில் களையெடுத்தார்கள், மிளகாய்ப் பழம் பறித்தார்கள், வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார்கள். உட்கார்ந்து என்று எழுதிவிட்டேன், அம்மா எங்கே உட்கார்ந்தார்கள்? நாலு பெட்டி ஒட்டுவதற்குள் எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார்கள். யாரிடமோ பதில் சொல்வதுபோல வாய் முணுமுணுக்கும். அந்த நடை எங்களுக்குப் பழகிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் தங்கையா எங்களுக்கு முன் வரிசையில் நிற்பார். எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்வோம். அதில் எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கும் வரி வரும். அந்த வரி வந்ததும் அம்மா வாயை மூடிக்கொள்வார்கள். அது முடிந்ததும் அடுத்த வரியிலிருந்து சத்தமாகத் தொடர்வார்கள். வீட்டு ஜெபத்திலும் இதே கதைதான். அந்த வரியின் நீளத்துக்கு அமைதியாக இருந்துவிட்டு மேலே போவோம். மன்னிக்காத மனதோடு போகக் கூடாது என்று நற்கருணைப் பந்திக்கும் அம்மா போவதில்லை.

என் தம்பி அந்த ஜெபத்தை அம்மா வாயிலிருந்தே படித்தவன். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லச் சொன்னபோது, நடுவில் மூச்சுப் பிடித்து நின்றுவிட்டு மிச்சத்தைச் சொன்னான். “ஏலே, ஒரு வரியை எங்க முழுங்கின?” என்று டீச்சர் கேட்க, “எங்க வீட்டுல அந்த வரி கிடையாது டீச்சர்” என்று இவன் சொல்ல, கோயில் முழுக்க அது பரவிவிட்டது.

அப்போதிருந்த ஐயர் வீடு தேடி வந்தார். பெரியவர், நல்லவர். “மன்னிக்கணும்மா. அது கட்டளை” என்றார்.

“மன்னிக்கணும்னுதான் எனக்கும் தெரியுது ஐயரே. ஆனா வரலையே” என்றார்கள் அம்மா. “வராததை வந்துட்டுன்னு ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லச் சொல்லுதீங்களா? அந்த மனுசன் பொய் சொல்லித்தான நாங்க இப்படி நிக்கோம். நானும் சொல்லணுமா?”

ஐயர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அவரும் அந்த வரியை விட்டுவிட்டுத்தான் ஜெபம் பண்ணினார் என்று தம்பி சத்தியம் செய்கிறான். எனக்கு அது ஞாபகம் இல்லை.

இப்படியே வருஷங்கள் போயின. அந்தப் பேர் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. எனக்கு வந்த வரன் ஒன்று அந்தப் பேரைக் கேட்டுவிட்டே திரும்பிப் போனது.

பிறகு ஓர் ஐப்பசியில், நல்ல மழைக்கு மறுநாள், கயத்தாற்றிலிருந்து ஒரு பெரியவரும் அவருடைய தங்கையும் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். செருப்பில் அப்பியிருந்த கரிசல் மண்ணை வாசல் கல்லில் வழித்துக்கொண்டே அந்தப் பெரியவர் விஷயத்தைச் சொன்னார். தங்கையாவின் மகள் ரூபியைத் தன் மகனுக்குப் பார்த்திருக்கிறார்கள். பூ வைத்து நிச்சயம் செய்வதற்கு முன்னால் குடும்பத்தைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும்.

“ஊர்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. ஆண்டவர் முன்னால கூடப் பொய் சொல்லாத அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்ட கேளுங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தோம்” என்றார்.

நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லுங்கம்மா, சொல்லுங்க என்று மனசுக்குள் கத்தினேன். பெண் வீட்டு விசாரிப்பு என்றால் என்னவென்று நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு வார்த்தை போதும், வந்த வண்டி அப்படியே திரும்பிவிடும். என் வரன் திரும்பியதும் அப்படித்தானே.

அம்மா எழுந்துபோய்ப் பசைச் சட்டியைக் கிண்டினார்கள். அது ஏற்கெனவே ஆறிப்போன பசை. திரும்பி வந்து நின்றார்கள். உட்காரவில்லை.

“பொண்ணைப் பத்திக் கேக்குதீங்களா, அவ அப்பாவைப் பத்தியா?”

“ரெண்டும்தாம்மா.”

“பொண்ணைப் பத்திச் சொல்லுதேன். என் மவன் மஞ்சக்காமாலைல கெடந்தப்போ, யாரும் எங்க வாசல மிதிக்காத காலம் அது, அவ வீட்டுக்குத் தெரியாம கீழாநெல்லி பறிச்சுக் கொண்டாந்து வச்சிட்டுப் போன பிள்ளை. அதைவிட நல்ல பிள்ளை உங்களுக்குக் கெடைக்காது.”

“அப்பா எப்படி? அந்த ஆபீஸ் தீ விஷயமா ஏதோ...”

அம்மாவின் முகம் சிவந்தது. வாய் திறந்தது. என் வாயும் சேர்ந்து திறந்தது.

“அவரைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க. எனக்கும் அவருக்கும் ஆகாது. ஆகாதவ வாயில வாரதைக் கேட்டு ஒரு பொண்ணோட வாழ்க்கையை முடிவு பண்ணுவாங்களா? அதுக்கு வேற ஆளப் பாருங்க. காப்பி குடிக்கீங்களா?”

அவர்கள் போனதும் நான் அம்மா மேல் பாய்ந்தேன். “கேட்டாங்கள்லா? அப்பா பேரைச் சொல்ல இதைவிட வேற நேரம் வருமா? ஏன் சொல்லலை?”

“ஏட்டி, அவன் சொன்ன சாட்சியில நாம வெந்தோம். நான் சொல்லுத சாட்சியில அந்தப் பொண்ணு வேகணுமா?”

“அப்போ அவரை மன்னிச்சிட்டீங்க.”

“யாரு சொன்னா? அந்த ஆளக் கண்டாலே இன்னும் அடிவயிறு எரியுது. வாய் வரைக்கும் வந்துட்டு. எப்படி முழுங்கினேன்னு எனக்குத்தான் தெரியும்.” சொல்லிவிட்டு, ஈரக்காட்டில் அன்றைக்கு ஒருவரும் களையெடுக்கப் போகவில்லை என்று தெரிந்தும், களைவெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த வரியில் வாய் மூடியேதான் இருந்தது.

சம்பந்தம் முடிந்த செய்தியோடு தங்கையா எங்கள் வாசலுக்கு வந்தார். தீக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவருக்கு எல்லாம் எட்டியிருக்கிறது.

“மைனி... நான்...”

“ரூபிக்கு நல்லபடியா அமைஞ்சுதா?”

“அமைஞ்சுது மைனி. உங்களாலதான். நான் உங்ககிட்ட ஒண்ணு...”

“என்கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்லை. எனக்குத்தான் தெரியுமே. ஊருக்குச் சொன்னதை ஊருக்குத்தான் திருப்பிச் சொல்லணும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். ஊருக்குச் சொல்லவில்லை. அம்மா ரூபியின் கல்யாணத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் இருந்து ஆசீர்வாதம் வரை பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்கும் பிறகு நல்ல இடம் அமைந்தது, தம்பிக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. அம்மாவின் நடை மட்டும் நிற்கவில்லை.

போன வருஷம் அம்மா படுத்த படுக்கையானார்கள். அப்போதும் கால்கள் போர்வைக்குள் அசைந்துகொண்டே இருக்கும். ஒரு மத்தியானம் புதிதாக வந்த ஐயர் ஜெபிக்க வந்திருந்தார். அம்மாவைப் பார்க்கப் பிள்ளையோடு வந்த ரூபிக்குப் பின்னால், கம்பை ஊன்றிக்கொண்டு தங்கையாவும் வந்து நின்றார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. எல்லாரும் பரமண்டல ஜெபம் சொல்லத் தொடங்கினோம். அந்த வரி வந்தது. வழக்கம்போல நானும் தம்பியும் நின்றுவிட்டோம். ஐயர் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். தங்கையாவுக்கும் வாய் எழவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் வரும் அந்த அமைதி வந்தது.

அந்த அமைதியில் அம்மாவின் குரல் கேட்டது. அந்த வரியைத் தனியாக, முழுதாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. சந்தோஷத்தால் என்று எழுத ஆசைதான், ஆனால் கோபத்தால். தங்கையா இன்னும் மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்குள் ஏன் கொடுத்தீர்கள் என்ற கோபம்.

ஜெபம் முடிந்ததும் அம்மா கண்ணைத் திறந்து, “தம்பி, நிக்காதீங்க, இருங்க. ஏட்டி, அவியளுக்குக் காப்பி போடு” என்றார்கள். போட்டேன். அதில் சர்க்கரை போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. அவர் அழுதுகொண்டே குடித்தார். போர்வைக்குள் அம்மாவின் கால்கள் அசையாமல் இருந்ததைத் தம்பிதான் எனக்குக் காட்டினான்.

மூன்றாம் நாள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போடுவதற்கு முன்னால், அப்பாவின் குழிக்கும் அம்மாவின் குழிக்கும் நடுவில் தங்கையா கம்பை ஊன்றி நின்று, ஊர் கேட்கச் சொன்னார்: “சட்டத்தை உள்ள அடுக்கச் சொன்னது நான். அண்ணன் பீடி குடிக்கலை. நான் பொய் சொன்னேன்.” அன்றைக்கு வர முடியாதவர்களுக்காகவே இதை இங்கே அச்சில் எழுதுகிறேன். எங்கள் அப்பா பீடி குடிக்கவில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு முறையும் தன் வேனைக் கொடுத்து, வாடகை வாங்க மறுத்த கடைக்கார காதர் அண்ணாச்சிக்கும், கடைசி நாட்களில் கயத்தாற்றிலிருந்து வந்து அம்மாவைக் குளிப்பாட்டிய ரூபிக்கும், குழி வெட்டிய, பந்தல் போட்ட, சோறாக்கிப் போட்ட அண்டை வீட்டார் எல்லாருக்கும் எங்கள் நன்றி. தங்கையா அவர்களுக்கும் நன்றி. இந்தக் கடைசி நன்றி அம்மாவின் உத்தரவு. “ஏதாவது புஸ்தகம் கிஸ்தகம் போட்டா அவன் பேரையும் போடணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். போட்டுவிட்டேன்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் பரமண்டல ஜெபம் முழுதாக அச்சாகியிருக்கிறது. நினைவு ஆராதனையின் முடிவில் எல்லாரும் எழுந்து நின்று சொல்லப்போகிறோம். அந்த வரியில் என் குரல் கேட்காவிட்டால், பக்கத்தில் நிற்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மகள்