ஒரு படத்துக்கு ஒரு பாட்டு

பேத்தி கைபேசியில் எதையோ தட்டி, "அம்மம்மா, லுக்" என்று என் மனைவியிடம் நீட்டினாள். கறுப்பு வெள்ளையில் ஒரு நெட்டைப் பெண் பியானோவின் மேல் ஏறியிருந்து கரகரத்த குரலில் பாடினாள். எனக்கு உடனே மண்ணெண்ணெய் மணத்தது. சிரிக்காதீர்கள். எழுபதுகளில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கிளேட்டனில் நாங்கள் இருந்த ஃபிளாற்றில் மண்ணெண்ணெய் ஹீற்றரும் ரி.வி.யும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பவானியைக் கலியாணம் கட்டிக் கூட்டிவந்த முதல் குளிர்காலம் அது. என் பகிடிகளுக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல மதிப்பு என்று நம்பியிருந்தேன். இங்கே பவானி ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. தலையணை உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடிக் காட்டினேன். உறையை வாங்கித் தோய்க்கப் போட்டாள்.

"எனக்கு இஞ்ச சரிவராது. ரிக்கற்றை எடுங்கோ, நான் வீட்டை போறன்."

எனக்கு பிஸ்கற் தொழிற்சாலையில் பின்னேர வேலை. மத்தியானங்களில் ரி.வி.யில் பழைய ஹொலிவூட் பாட்டுப் படங்கள் போகும். நாயகனும் நாயகியும் படிக்கட்டெல்லாம் ஆடுவார்கள். பவானி குசினியில் வெங்காயம் வெட்டுவாள். ஒருநாள் நாயகியின் தோழியாக இந்த நெட்டைப் பாட்டுக்காரி வந்தாள். தன்னை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கிறானில்லை என்று பாடி, கடைசி அடியில் பியானோவிலிருந்து பொத்தென்று விழுந்தாள். குசினி வாசலில் ஏதோ சத்தம். பவானி கத்தியும் கையுமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பாட்டுக்காரிக்கு ஒரு படத்துக்கு ஒரு பாட்டுத்தான் கொடுப்பார்கள். அதற்காக நான் காவலிருப்பேன்.

"வந்திட்டாவே?" குசினியிலிருந்து குரல் வரும்.

"இன்னும் இல்லை. முத்தம் குடுக்கினம்."

"அப்ப நேரம் கிடக்கு."

ரி.வி.க்காரருக்கு வரிசை கிடையாது. ஒரு கிழமை கிழவியாக வருவாள், அடுத்த கிழமை குமரியாக. இரண்டு பேரும் தாயும் மகளும் என்றே பவானி நினைத்திருந்தாள். கடைசிப் படங்களில் பாட்டே இல்லை. வேலைக்காரியாக வந்து கதவைத் திறந்துவிடுவதோடு சரி. பவானி அதற்கும் ஓடிவருவாள். இரண்டும் ஒருத்திதான் என்று நான் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு காலமும் ஒரு படத்திலயும் ஒருத்தனும் இவவைக் கட்டேல்லையே? அப்பிடியிருந்தும் பாடியிருக்கிறா."

அந்தக் கிழமை, பயந்து பயந்து, "ரிக்கற் எடுக்கட்டோ?" என்று கேட்டேன். பேப்பரில் ரி.வி. பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"வாற கிழமை அவவின்ர படம் கிடக்கு. அதுக்குப் பிறகு பாப்பம்."

அந்த வாற கிழமைகளில்தான் பிள்ளைகள் பிறந்தார்கள், வீடு வாங்கினோம், என் தலைமயிர் போனது. எங்களுக்குப் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத அந்தப் பெண்ணுக்கு இந்தக் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

இப்போது மத்தியானப் படமும் இல்லை, ஹீற்றரும் இல்லை. புது வீட்டில் குசினியும் ஹோலும் ஒன்று. ஓடிவந்து நிற்க ஒரு வாசல் இல்லை. பவானி அன்று போகவிருந்த வீடும் யாழ்ப்பாணத்தில் நடந்த சண்டையில் இடிந்து எத்தனையோ காலம். கைபேசியில் பாட்டுக்காரியின் பாட்டுகள் அடுத்தடுத்து வந்தன. முத்தம் கொடுக்கிறவர்களை வெட்டிவிட்டிருந்தார்கள். பவானி சிரித்துச் சிரித்துக் கடைசிப் பாட்டு வரை பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் பாத்தாச்சு. இனி ரிக்கற்றை எடுங்கோ."

நான் பேத்தியைப் பார்த்தேன்.

"பிள்ளை, முதல் பாட்டை இன்னொருக்காப் போடு."