தூணில் பூட்டிய பச்சை சைக்கிள்

நகராண்மைக் கழகத்தில் வேலை பார்த்தபோதே நான் சைக்கிள்களைப் படம் எடுத்திருக்கிறேன். கேட்பாரற்றுக் கிடப்பதை முன்னால், பின்னால், இரு பக்கமும் எடுக்க வேண்டும். படத்தில் ஆள் விழக்கூடாது. பிறகு நோட்டீஸ் ஒட்ட வேண்டும். கெடு முடிந்ததும் லாரி வரும். ஓய்வு பெற்ற பிறகும் எடுக்கிறேன். இப்போது சொந்தக்காரரையும் பக்கத்தில் நிற்கச் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஹேண்டிலைப் பிடித்ததும் யாருக்கும் பேச்சு வந்துவிடுகிறது. ஓட்டக் கற்றுக்கொண்ட ரப்பர் தோட்டத்துச் சரிவு, பின்னால் உட்கார்ந்து வந்த பெண் என்று கேட்காமலே சொல்வார்கள். அலுவலகத்தில் கேட்டும் ஒருவர்கூட உண்மை சொன்னதில்லை.

ரெங்கம் டவுனில் ஒரு கடைவரிசைத் தூணில் பச்சை சைக்கிள் ஒன்று பூட்டியிருந்தது. எதிரே சாப்பாட்டுக் கடையில் சமைக்கும் அம்மாளின் கணவருடையது. தினமும் காலையில் அதை அங்கே பூட்டிவிட்டு ஃபேக்டரி பஸ் ஏறுவார். ஒருநாள் வேலையிடத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், திரும்பவில்லை. நான் பார்த்தபோது சைக்கிளில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

“வீட்டுக்குத் தள்ளிட்டுப் போயிட்டா பிரச்சினை இல்லைம்மா,” என்றேன்.

“அவரு வச்ச இடம் அண்ணே. நான் எப்படி எடுப்பேன்?”

நோட்டீஸில் கெடு என்றைக்கு என்று பார்த்தேன்.

அதற்குள் ஆயுத பூசை வந்தது. கணவர் வருஷா வருஷம் செய்தது போலவே அந்த அம்மாள் சைக்கிளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. யாரோ ஊதுபத்தி கொளுத்தினார்கள். கும்பிட்டுப் போன சீனப் பெரியவர் ஒருவருக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்ததாகப் பேச்சு. அடுத்த வாரம் நான் கேமராவோடு போனபோது சைக்கிளுக்கு முன்னால் ஒரு மண்சட்டி நிறையச் சாம்பல்.

அன்றே லாரியும் வந்தது. அமலாக்க அதிகாரி இளைஞர், நம் தமிழ் ஆள்தான். இறங்கியவர் சைக்கிளைப் பார்த்துப் பின்வாங்கினார்.

“அலமாக்! அங்கிள், இது கோயிலா? கோயில்னா நான் கை வைக்க முடியாது லா.”

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோப்பு இலாகா இலாகாவாக அலையும். கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடக்கும். அந்த இளைஞரும் ஓய்வு பெறும்வரை சைக்கிள் அங்கேயே நிற்கும். வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள் கரண்டியோடு வந்துவிட்டார்.

“கோயிலா? இவரா? ஆயுத பூசையன்னிக்கே மீன் சம்பல் எங்கன்னு கேட்ட மனுசன் தம்பி! இவருகிட்டயா நம்பர் கேக்குறாங்க? இவருக்கே ஒருநாளும் விழுந்ததில்ல.”

இளைஞர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். அந்த அம்மாளும் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இவர சாமியாக்கிட்டா நான் யாரோட சண்டை போடுறது? இருங்க, சாவி கொண்டாரேன்.”

இரண்டு டயரிலும் காற்றில்லை. இளைஞர் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, அந்த அம்மாள் ஹேண்டிலைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பினார். ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“எடுங்க அண்ணே. ஆனா மொதல்ல அந்த மாலையக் கழட்டுங்க.”