அன்பு வாரம் முடிந்த திங்கட்கிழமை

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிறிஸ்துவப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியையாக இருந்தேன். அந்த ஆண்டு கிள்ளானிலிருந்து ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்தாள். இரண்டு காதிலும் கேட்புக் கருவி. பேச்சு தெளிவாக வராது. அவளுடைய அம்மா பக்கத்துக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தார். காலையில் இருவரும் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் வருவார்கள். இடைவேளையில் அந்தப் பிள்ளை கேண்டீன் தூணோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்.

தலைமையாசிரியைக்கு அது உறுத்தியது. "அயலாரை நேசின்னு தினமும் ஜெபத்துல சொல்றோம். எதாவது செய்யணும்லா," என்றார். யோசனை என்னுடையதுதான். ஆளுக்கு ஓர் அட்டை. தனியாக இருப்பவரோடு உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு முத்திரை. பெயர் அன்பு வாரம், நடந்தது இரண்டு வாரம். பத்து முத்திரைக்கு, பள்ளிச் சபை கூடும்போது மேடையில் சான்றிதழ்.

முதல் நாளே தூணோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருத்தி முறுக்கு நீட்டினாள், ஒருத்தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தான். அந்தப் பிள்ளை சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. சாப்பிட்ட கையோடு ஓடி வருவார்கள். "டீச்சர், நான் அவகூட உக்காந்தேன், சாப் அடிங்க!" நானும் முத்திரை அடித்துக் கொடுத்தேன். நான்காம் நாள் அப்படி வந்தவளிடம், என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அவள் விழித்தாள். "அவ பேர் என்ன டீச்சர்?" என்றாள்.

இரண்டாவது வாரம் அந்தப் பிள்ளையே என் மேசைக்கு வந்தாள். அவளுடைய அட்டை வெறுமையாக இருந்தது.

"எல்லாரும் என்கிட்ட வந்து உக்கார்றாங்க. நான் யார்கிட்ட போய் உக்கார்றது டீச்சர்?"

அவளுக்குப் புரியட்டும் என்று உதட்டை மெல்ல அசைத்துச் சொன்னேன்: "நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா. நீ சந்தோஷமா இருந்தா போதும்."

அவள் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் கொடுத்தோம். பெற்றோர் கைதட்டினார்கள். திங்கட்கிழமை இடைவேளையில், அவள் தன் பையை ஒரு நாற்காலியிலும் தண்ணீர்ப் புட்டியை இன்னொன்றிலும் வைத்து இடம் பிடித்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. மாடி வராந்தாவிலிருந்து பார்த்தேன். கையில் திருத்த வேண்டிய நோட்டுகள். இறங்கிப் போய் உட்கார எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. நான் போகவில்லை.

செவ்வாய், புதன், வியாழனும் இடம் பிடித்து வைத்தாள். அடுத்த வாரம் அவளுடைய அம்மா வேலை உடுப்போடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"கோவமெல்லாம் இல்ல டீச்சர். முன்னெல்லாம் தனியா சாப்பிட்டுப் பழகியிருந்தா. வீட்டுல அதப் பத்தி அழ மாட்டா. இப்ப தினமும் வந்து, இன்னிக்கும் யாரும் வரலம்மான்னு அழறா. இனிமே அவளுக்கு எதுவும் செய்யாதீங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கு நேரமாகிவிட்டது.

ஆண்டு முடிவில் பிள்ளையைக் கிள்ளானிலேயே ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவள் கிளம்பிய நாளில் வகுப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜனவரியில் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை, "போன தடவை நல்லா போச்சு. இந்தத் தடவை வேற எந்தப் பிள்ளைன்னு பார்த்து வைங்க," என்றார். அந்த அம்மா சொன்னதைச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று தலையாட்டினேன். வகுப்புக்குப் போய் வருகைப் பட்டியலைத் திறந்து, யார் தனியாக இருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.